இடக்கைக் கையெழுத்து

கார்லிஸ் ஃபால்ஸ், ஒஹாயோ
2014 மார்ச் 3

திருமதி ரவுஷ் அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் ஆரின் பவ்லிக். இந்த ஊர்ப் பள்ளிப் பேருந்துகளைப் பழுதுபார்க்கும் மெக்கானிக். என்னை உங்களுக்கு ஞாபகம் இருக்காது. உங்கள் பழைய பக்கத்து வீட்டுக்காரரை நச்சரித்து இந்த முகவரியை வாங்கினேன். அவரைத் திட்டவேண்டாம்.

நாற்பது வருடத்துக்கு முன்பு உங்கள் கணவர் கிளேட்டன் ரவுஷ் எங்கள் ஊர் ஹெரன்ஸ் அணிக்குப் பந்து வீசினார். அந்த வருடம்தான் ஹோல்கம் ரொட்டிக் கம்பெனி, பாக்கெட்டுக்கு ஒன்றாக ஹெரன்ஸ் ஆட்டக்காரர்களின் படம் போட்ட பேஸ்பால் அட்டைகளைப் போட்டது. எனக்குப் பதின்மூன்று வயது. காலையிலும் ரொட்டி, ராத்திரியும் ரொட்டி. "இதைத் தின்னு தின்னு நீயே ஒரு ரொட்டி மாதிரி ஊதிட்டடா" என்று அம்மா திட்டுவாள். அட்டைகள் முழுக்கச் சேர்ந்தன. அப்புறம் ஒவ்வொரு அட்டையிலும் அந்தந்த ஆளின் கையெழுத்தை வாங்கவேண்டும் என்று ஒரு வெறி பிடித்தது. அது இன்னும் இறங்கவில்லை.

ஒருவர் அலாஸ்காவில் பாதிரியாராகிவிட்டார். ஒருவர் ஃபுளோரிடாவில் டயர் விற்கிறார். ஒருவருக்காகச் சிறை வாசலில் மழையில் நின்றேன். எல்லாரிடமும் வாங்கிவிட்டேன். அந்தத் தொகுப்பு முழுசாக, கையெழுத்தோடு, என்னைத் தவிர யாரிடமும் கிடையாது. அதில் முதலாவது உங்கள் கணவருடையது. "ஆரினுக்கு — கிளேட்டன் ரவுஷ்" என்று என் பெயரையும் சேர்த்து எழுதிக் கொடுத்தார்.

ஹெரன்ஸ் மைதானத்தைப் புதுப்பித்துக் கட்டியிருக்கிறார்கள். மே 10 அன்று திறப்பு. வாசலில் ஒரு கண்ணாடிச் சுவர், அதில் என் அட்டைகள், கீழே என் பெயர் என்று பேச்சு. எங்கள் அட்டைச் சங்கத்தின் தலைவர் கஸ் தீலன், "எதுக்கும் சோதிச்சுருவோம்" என்று எல்லாவற்றையும் கையெழுத்தைச் சோதிக்கும் ஒரு கம்பெனிக்கு அனுப்பினான். மற்றதெல்லாம் சுத்தம் என்று வந்தது. உங்கள் கணவருடையது மட்டும் போலி என்று வந்தது.

கஸ் என் முப்பது வருட நண்பன். கூட்டத்தில் அந்த அட்டையைத் தூக்கிக் காட்டி, "ஏம்ப்பா ஆரின், ஒனக்கு நீயே 'ஆரினுக்கு'ன்னு எழுதிக்கிட்டப்ப வெக்கமா இல்லையா?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். அவனிடமும் ரவுஷ் அட்டை ஒன்று இருக்கிறது, சான்றிதழோடு. என் இடத்தில் அதை மாட்டி, சுவரில் அவன் பெயரைப் போடப்போகிறானாம். முடிவெட்டும் கடையில் நான் நுழைந்தால் பேச்சு நிற்கிறது. பேருந்தில் பிள்ளைகள்கூட என்னைக் கள்ளக் கையெழுத்து என்கிறார்கள்.

இந்த அட்டை உண்மைதான் என்று நீங்கள் இரண்டே வரி எழுதிக் கொடுத்தால் போதும். அவர் எழுத்து உங்களுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

பணிவுடன்,
ஆரின் பவ்லிக்


டூசான், அரிசோனா
2014 மார்ச் 11

மிஸ்டர் பவ்லிக்,

நான் திருமதி ரவுஷ் இல்லை. 1977இலேயே அந்தப் பெயரைக் கழற்றி எறிந்தாயிற்று. வெர்னா டில்மன் என்று எழுதப் பழகுங்கள், இன்னொரு முறை எழுதும் எண்ணம் இருந்தால்.

அவர் எழுத்து எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும் என்று கேட்கிறீர்கள். சரியான கேள்வி. அதற்குப் பதிலைக் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் நண்பர் கஸ் வைத்திருக்கும் அட்டையில் உள்ள கையெழுத்து நான் போட்டது. அந்தச் சோதிக்கும் கம்பெனி ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருப்பதும் நான் போட்டதுதான். பிள்ளைகள் அட்டையையும் தபால்தலை ஒட்டிய பதில் உறையையும் வைத்து அனுப்புவார்கள். மூட்டையாக வரும். கிளேட்டன் அதைப் பார்க்கவே மாட்டார். "நீயே போட்டு அனுப்பிரு வெர்னா" என்று சொல்லிவிட்டுக் காலணியைக் கழற்றுவார். சமையலறை மேசையில் ஒரு பக்கம் உருளைக்கிழங்கு, இன்னொரு பக்கம் அவர் பெயர். முதல் எழுத்துக்கு ஒரு பெரிய வளையம், முடிவில் ஒரு சின்ன வால். அந்த வால் நான் கண்டுபிடித்தது. அதை இப்போது நிபுணர்கள் கண்ணாடி வைத்துப் பார்க்கிறார்களாம். சிரிப்பாக இருக்கிறது.

விவாகரத்துக்குப் பிறகும் தபால்காரர் மூட்டையை என்னிடமே கொண்டுவந்தார். பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்? போட்டு அனுப்பினேன். அவர் கார் விபத்தில் செத்த பிறகு வந்ததைத்தான் திருப்பி அனுப்பினேன்.

நேரில் அவர் யாருக்கும் போட்டதில்லை. மைதான வாசலில் பிள்ளைகள் நிற்பார்கள் என்று கொதிகலன் அறைக் கதவு வழியாக நழுவி ஓடிவருவார். பெரிய அணிக்குப் போன பிறகும் அதே கதைதான். ஆகவே உங்களுக்கு மட்டும் நின்று, பெயர் கேட்டு, எழுதிக் கொடுத்தார் என்று என் காதில் பூச்சுற்றாதீர்கள். உங்களிடம் யாரோ பொய் சொன்னார்கள், அல்லது நீங்கள் சொல்கிறீர்கள். இரண்டிலும் எனக்கு வேலை இல்லை.

வெர்னா டில்மன்


கார்லிஸ் ஃபால்ஸ்
2014 மார்ச் 17

திருமதி டில்மன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீங்களும் என்னைப் பொய்யன் என்கிறீர்கள். கஸ் சொன்னால் அவனுக்கு வயிற்றெரிச்சல் என்று விடலாம். நீங்கள் சொல்வதுதான் தாங்கவில்லை, ஏனென்றால் நீங்கள் அங்கே இருந்தீர்கள்!

மைதானத்தில் நடந்திருந்தால் நீங்கள் சொல்வது சரி. அந்தக் கொதிகலன் அறைக் கதவு எங்களுக்கும் தெரியும். அங்கேயும் நின்று ஏமாந்திருக்கிறேன். இது நடந்தது மார்லோ மாவட்டச் சந்தையில். 1974, செப்டம்பர் 2, உழைப்பாளர் தினம். பழப்பணியாரக் கூடாரத்துக்கு வெளியே அவர் நின்றிருந்தார். நீங்கள் பக்கத்தில் நின்றீர்கள். நான் அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிகிற பையன். அதை எடுத்து நீட்டினேன். அவர் உங்களைப் பார்த்துச் சிரித்தார். "பேனா இருக்கா கண்ணு?" என்றார். நீங்கள் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தீர்கள். "சீக்கிரம் கிளே, குட்டிக்குதிரைப் பந்தயத்துக்கு வரிசை நீண்டுக்கிட்டே போகுது" என்றீர்கள். அவர் என் பெயரைக் கேட்டார். எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொன்னார். கைப்பையின் மேலேயே வைத்து எழுதினார்.

கம்பெனியின் அறிக்கை என்ன சொல்கிறது தெரியுமா? மை இழுபட்டிருக்கிறதாம். எழுதியவன் இடக்கைக்காரனாம். ரவுஷ் வலக்கையால் பந்து வீசியவர், ஆகவே இது போலியாம். மேலும் எழுத்து சின்னப் பிள்ளை எழுதியதுபோல் இருக்கிறதாம். அதைப் படித்துத்தான் கஸ், "பதிமூணு வயசுப் பய எழுதினா பதிமூணு வயசு மாதிரிதான் இருக்கும்" என்றான்.

அந்தப் பேனா உங்களுடையது. ஒரு சந்தை நாள், ஒரு குண்டுப் பையன். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

ஆரின் பவ்லிக்


டூசான்
2014 மார்ச் 22

மிஸ்டர் பவ்லிக்,

மூன்று கேள்வி. தேதி நிச்சயமா, எப்படி நிச்சயம்? அந்தப் பெண்ணின் தலைமுடி என்ன நிறம்? பேனாவை அவர் எந்தக் கையில் பிடித்தார்?

வேறெதுவும் எழுதவேண்டாம்.

வெர்னா டில்மன்


கார்லிஸ் ஃபால்ஸ்
2014 மார்ச் 27

திருமதி டில்மன் அவர்களுக்கு,

தேதி நிச்சயம். மறுநாள் பள்ளி திறந்தது. அட்டையைக் கொண்டுபோய்க் காட்டினேன், கணக்கு வாத்தியார் பிடுங்கி வைத்துக்கொண்டு சாயங்காலம்தான் கொடுத்தார்.

முடி சிவப்பு. நல்ல செம்பட்டை, வெயிலில் பார்த்தால் கண் கூசும். உங்கள் முடி நிறம் உங்களுக்கே மறந்துபோகுமா என்ன?

எழுதியது இடக்கையால். ஆனால் அதற்குக் காரணம் இருக்கிறது, இதைத்தான் சங்கத்தில் தொண்டை வறளக் கத்துகிறேன். அவருடைய வலது தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு வயது இருக்கும். பிள்ளை எழுந்துவிடக்கூடாது என்று வலது கையை அசைக்காமல் இடக்கையால் எழுதினார். அதனால்தான் எழுத்து கோணலாக வந்தது. யாரும் நம்பமாட்டேன் என்கிறார்கள்.

இதுவரை எழுதிவிட்டு, உங்கள் கேள்விகளை என் மனைவி மார்சியிடம் வாசித்துக் காட்டினேன். அவள் கரண்டியை அடுப்பில் போட்டுவிட்டுத் திரும்பினாள். "மடையா, தன் முடி என்ன கலர்னு எந்தப் பொம்பளையாவது கேப்பாளா? அங்க நின்னது அந்தம்மா இல்லடா! வேற யாரோ!" என்றாள்.

அம்மா, எனக்குத் தோன்றவே இல்லை. ஓர் ஆண், ஒரு பெண், ஒரு குழந்தை, வேறென்ன நினைப்பேன்? கடிதத்தைக் கிழித்துப் போடலாம் என்று பார்த்தேன். மார்சிதான், "கேட்டதுக்குப் பதிலையாவது சொல்லு, அவங்கள காக்க வைக்காத" என்றாள். மன்னியுங்கள்.

ஆரின்


டூசான்
2014 ஏப்ரல் 4

ஆரின்,

இனிமேல் உன்னை நீ என்றே எழுதுகிறேன். இதுக்கு மேல் நமக்குள் என்ன மரியாதை வேண்டிக்கிடக்கிறது?

என் முடி கறுப்பு. இப்போது வெள்ளை. செம்பட்டை முடிக்காரி ஜோரீன். என்னை விவாகரத்து செய்த மறுவருடம் அவளைக் கட்டிக்கொண்டார். அவளை 76இல்தான் சந்தித்தேன் என்று கோர்ட்டில் சத்தியம் செய்தார். அவளுடைய பையன் முதல் புருஷனுக்குப் பிறந்தவன் என்றார். நானும் நம்பினேன். நம்பாமல் என்ன, எனக்கு வேறென்ன வேலை?

74 செப்டம்பர் 2 அன்று நான் கார்லிஸ் ஃபால்ஸ் மருத்துவமனையில் இருந்தேன். காலையில் பெண் குழந்தை பிறந்தது. ஏழாம் மாதமே வந்துவிட்டது. பொழுது சாய்கிற வரைக்கும் மூச்சு இருந்தது. அவரை எங்கெங்கோ தேடினார்கள். மறுநாள் மத்தியானம் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். "டீம் பஸ் நடுவழியில அச்சு முறிஞ்சு நின்னுருச்சு வெர்னா, ஒரு போன்கூட கிடைக்கல" என்றார். அழுதார். நான் அவரைத் தேற்றினேன். நான் தேற்றினேன், ஆரின்! நாற்பது வருடமாக, அவர் செய்த அத்தனைக்கும் நடுவே, அந்த அச்சு முறிந்த பேருந்தை மட்டும் நான் சந்தேகப்படவில்லை. எங்கே எல்லாம் பொய் சொன்னார் என்று கணக்குப் பார்க்கும்போது அந்த ஒரு நாளைத் தனியாக எடுத்து வைத்திருந்தேன். நீ வந்து அதையும் பிடுங்கிவிட்டாய்.

இப்போது உன் இடக்கை விஷயம். குழந்தைக்காக அவர் கையை மாற்றவில்லை. அவர் எப்போதுமே இடக்கையால்தான் எழுதுவார். தின்பதும் இடக்கைதான். சாப்பாட்டு மேசையில் எட்டு வருடம் அவர் முழங்கை என் முழங்கையில் இடித்துக்கொண்டே இருந்தது. பந்தை மட்டும் வலக்கையால் வீசினார், அவர் அப்பன் அப்படிப் பழக்கியிருந்தான். நிபுணர்களுக்கு அவர் பந்து வீசியதுதான் தெரியும். கூட உட்கார்ந்து சாப்பிட்டவளுக்குத்தானே மற்றது தெரியும்?

எழுத்து பிள்ளை எழுத்துபோல் இருக்கிறது என்றார்களாம். அப்படித்தான் இருக்கும். நாலாம் வகுப்போடு நின்றவர். இடக்கையால் எழுதினதற்காக ஆசிரியை விரல் கணுவில் அடித்தே அவருக்கு எழுத்தின் மேல் வெறுப்பு வந்துவிட்டது. தன் எழுத்தை யாராவது பார்த்தால் கூனிக் குறுகிப் போவார். அதனால்தான் கொதிகலன் அறைக் கதவு. திமிர் என்று ஊரே நினைத்தது. எங்கள் கல்யாண நாளுக்குக்கூட ஒரு வரி எழுதித் தந்ததில்லை.

அப்படிப்பட்ட மனுஷன் நட்டநடுச் சந்தையில், எல்லாரும் பார்க்க, ஒரு குண்டுப் பையனுக்காகப் பேனா வாங்கி எழுதினார் என்றால், தன் எழுத்தைப் பற்றிய வெட்கமே மறந்துபோகிற அளவுக்கு அன்றைக்குச் சந்தோஷமாக இருந்திருக்கிறார். என்னோடு இருந்தபோது ஒரு நாளும் அப்படி இருந்ததில்லை. எனக்கு எரிகிறது, ஆரின். அறுபத்தெட்டு வயதில், செத்தவன் மேல் எரிகிறது.

அட்டையை எனக்கு அனுப்பு. பார்க்கவேண்டும். பார்த்துவிட்டு உனக்கு வேண்டியதை எழுதித் தருகிறேன்.

வெர்னா


கார்லிஸ் ஃபால்ஸ்
2014 ஏப்ரல் 10

அம்மா,

என்ன எழுதுவதென்று தெரியவில்லை. மார்சி உங்களுக்காக அழுதாள். நானும்தான்.

அட்டையைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். இரண்டு பக்கமும் கனத்த அட்டை வைத்து, தண்ணீர் படாத உறையில் போட்டிருக்கிறேன். வெயிலில் வைக்கவேண்டாம். ஓரத்தை மட்டும் பிடித்துத் தூக்குங்கள். உங்கள் துக்கத்துக்கு நடுவே இதைச் சொல்கிறேனே என்று தப்பாக நினைக்காதீர்கள், பழக்கம் அப்படி. நாற்பது வருடத்தில் அது இந்த ஊரைத் தாண்டிப் போனது அந்தக் கம்பெனிக்கு மட்டும்தான்.

நீங்கள் எழுதும்போது எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர் இடக்கைக்காரர் என்பது, தபாலில் போனவை நீங்கள் போட்டவை என்பது, எல்லாம். இந்த ஊரில் வீட்டுக்கு வீடு ரவுஷ் அட்டையைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். அவர்களுக்குக் கோபம் வரும். வரட்டும். உண்மை உண்மைதானே? என்னைப் பார்த்து இளித்தபோது அவர்களுக்கு இரக்கம் வந்ததா?

கண்ணாடிச் சுவருக்குக் கஸ் தன் பெயரைப் பித்தளையில் வெட்டச் சொல்லிவிட்டானாம். திறப்புக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது. சீக்கிரம் எழுதுங்கள்.

ஆரின்


டூசான்
2014 ஏப்ரல் 19

ஆரின்,

அட்டை வந்தது. ஓரத்தைப் பிடித்துத்தான் தூக்கினேன், பயப்படாதே.

அவர் எழுத்துதான். என் அளவுக்கு யாரும் நிச்சயமாகச் சொல்லமுடியாது. கையால் தேய்த்த கறை, சாய்ந்து விழப்போகிற மாதிரி எழுத்து, வாலும் கிடையாது வளையமும் கிடையாது. உன் பெயரை அவ்வளவு கவனமாக, அழுத்தி அழுத்தி எழுதியிருக்கிறார்.

நீ கேட்டபடி உண்மையை எழுத உட்கார்ந்தேன். எழுதுவதற்கு முன்பு அந்தக் கம்பெனிக்கு ஒரு போன் போட்டேன். ஒரு பையன் பேசினான். "அம்மா, ரவுஷ் கையெழுத்துக்கு எங்ககிட்ட நிறைய மாதிரி இருக்கு. எல்லாம் ஒண்ணுபோல இருக்கு" என்றான். "ஒண்ணுபோலத்தான் இருக்கும் ராசா, எல்லாம் நான் போட்டது" என்றேன். "அப்படிங்களா, ரொம்ப சந்தோஷம்மா" என்று வைத்துவிட்டான். மறுபடியும் போட்டேன். பொண்டாட்டி, முன்னாள் பொண்டாட்டி என்று சொல்லிக்கொண்டு தினமும் யாராவது போன் போடுகிறார்களாம். அவர்களுக்கு நான் ஒரு பைத்தியக்காரக் கிழவி. என் கடிதத்தை நீ சங்கத்தில் வாசித்தால் என்ன நடக்கும் தெரியுமா? ஒரு கிழவியைப் பிடித்துக் கதை கட்டச் சொன்னான் என்று உன்னைத்தான் இன்னும் நாறடிப்பார்கள். வீட்டுக்கு வீடு சட்டம் போட்டு மாட்டியவன் அதைக் கழற்றுவானா, உன்னைக் கழற்றுவானா?

ஆகவே உனக்கு வேறொன்று செய்திருக்கிறேன். அந்த ரொட்டிக் கம்பெனி எங்களுக்குக் கொடுத்த அட்டைகள் சில, பழைய பெட்டியில் கிடந்தன. ஒன்றை எடுத்து, அந்தக் காலத்து மைப்பேனாவை ஊறவைத்துத் துடைத்து, "ஆரினுக்கு — கிளேட்டன் ரவுஷ்" என்று போட்டேன். கை மறக்கவே இல்லை. வளையம், வால், எல்லாம் வந்தது. எனக்கே அருவருப்பாக இருந்தது.

இந்த உறையில் இரண்டு அட்டையும் இருக்கிறது. ஒன்று அவர் எழுதியது, ஒன்று நான் எழுதியது. என் கடிதமும் இருக்கிறது, கையெழுத்துப் போட்டு, நோட்டரி முத்திரையோடு, எல்லா உண்மையும். எதை வேண்டுமானாலும் கொண்டுபோய் நீட்டு. உன் இஷ்டம். எதை நீட்டினாய் என்று மட்டும் எனக்கு எழுது.

வெர்னா


கார்லிஸ் ஃபால்ஸ்
2014 மே 12

அம்மா,

சுவரில் உங்களுடையது மாட்டியிருக்கிறது.

நீங்கள் என்னைக் காறித் துப்பலாம். துப்புவதற்கு முன் கேளுங்கள். உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டுதான் கஸ் வீட்டுக்குக் கிளம்பினேன். வாசல் வரை போனேன். ஜன்னல் வழியாக அவன் கூடத்தில் மாட்டியிருக்கிற ரவுஷ் அட்டை தெரிந்தது. அவன் அப்பா அவனுக்குப் பிறந்தநாளுக்குக் கொடுத்தது. அந்த ஆளும் செத்துவிட்டார். காரிலேயே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் திரும்பி வந்துவிட்டேன்.

இரக்கம் என்று சொன்னால் பொய். பயம். உங்கள் கடிதத்தை நீட்டினால் மிச்சமிருக்கிற நாலு பேரும் பேசமாட்டார்கள். நான் இந்த ஊரில்தான் சாகவேண்டும்.

உங்கள் அட்டையை அந்தக் கம்பெனிக்கே அனுப்பினேன். அவசரக் கட்டணம் கட்டினேன். என்ன எழுதி வந்தது தெரியுமா? தாங்கள் பார்த்த ரவுஷ் கையெழுத்துகளிலேயே இதுதான் மிகச் சுத்தமான மாதிரியாம். மார்சி அதை வாசித்துவிட்டு என்னிடம் ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை.

அப்படியானால் முதலில் காட்டியது என்ன என்று கஸ் கேட்டான். கேட்பான் என்று தெரியும், ஆனாலும் பதில் யோசித்து வைக்கவில்லை. "அது சின்ன வயசுல நான் பாத்து எழுதிப் பழகுனது. நிஜமானது பரண்ல கிடந்துச்சு. மாத்தி எடுத்துட்டு வந்துட்டேன்" என்றேன். "அதான பார்த்தேன்! மூஞ்சியப் பாத்தாலே தெரியுமே, நீ எழுதுனதுதான்னு. மொதல்லயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானடா" என்று கட்டிப்பிடித்துக்கொண்டான். என்னை மன்னித்துவிட்டானாம்.

திறப்பு நன்றாக நடந்தது. பள்ளி வாத்தியக் குழு வாசித்தது. மேயர் என் பெயரை ஒலிபெருக்கியில் சொன்னார். பித்தளையில் ஆரின் பவ்லிக் என்று வெட்டியிருக்கிறது. வரிசையில் நின்று என் கையைக் குலுக்கினார்கள். நான் நிஜம் சொன்னபோது கள்ளன் என்றார்கள். இப்போது நிஜமாகவே கள்ளன், கை குலுக்குகிறார்கள்.

உங்கள் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. கடிதத்தை மட்டும் அனுப்பியிருந்தால் நான் அதைத்தான் நீட்டியிருப்பேன். அந்த அட்டையை ஏன் எழுதினீர்கள்? நாய்க்கு முன்னால் எலும்பைப் போட்டுவிட்டு அது என்ன செய்கிறது என்று பார்க்கத்தானே?

அவர் எழுதிய அட்டையை இத்தோடு உங்களுக்கே அனுப்புகிறேன். என்னிடம் இருக்கவேண்டாம். அதை நானே போலி என்று ஒத்துக்கொண்ட பிறகு பார்க்கப் பிடிக்கவில்லை. கொஞ்ச நாள் கழித்து, ஊர் அடங்கிய பிறகு, திருப்பிக் கேட்டால் கொடுப்பீர்களா?

ஆரின்


டூசான்
2014 மே 20

ஆரின்,

கொடுக்கமாட்டேன்.

நீ எனக்கு எழுதிய முதல் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். உண்மையை இரண்டே வரி எழுதித் தரச் சொன்னாய். நான் நோட்டரி வரைக்கும் போய் எழுதித் தந்தேன். நீ பரண் என்றாய். அவர் பேருந்து அச்சு என்றார். ஆம்பிளைகள் உங்களுக்கு இதெல்லாம் எங்கிருந்துதான் இவ்வளவு சட்டென்று வருகிறதோ!

எலும்பு என்றாய். ஆமாம், போட்டேன். என் அட்டையைத்தான் எடுப்பாய் என்று நினைத்துத்தான் போட்டேன். ஆனாலும் அவருடையதை எடுத்துக்கொண்டு நிற்பாயோ என்று கொஞ்சம் நப்பாசை இருந்தது. தினமும் தபால்பெட்டியைப் போய்ப் பார்த்தேன், இந்த முழங்காலை வைத்துக்கொண்டு. ஒரு ஆளாவது அந்த நாளைப் பற்றி நாலு பேர் முன்னால் உண்மை சொல்லட்டும் என்று இருந்தது. போகட்டும். சுவரில் உன் பெயர் இருக்கிறது. அதற்கு மேலே என் கையெழுத்து இருக்கிறது. நன்றாக இருங்கள்.

அவர் உன் பெயரைக் கேட்டார். எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொல்லிக் கேட்டு, பார்த்துப் பார்த்து எழுதினார். அன்றைக்கு எனக்குப் பிறந்தவளுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தேன். மறுநாள் தொப்பியைப் பிடித்துக்கொண்டு வந்து அழுதாரே, அப்போதும் அதை அவர் கேட்கவில்லை. அப்புறமும் கேட்டதில்லை. உனக்கும் எழுதினேன், நீயும் உன் மனைவியும் எனக்காக அழுதீர்கள், ஆனால் நீயும் கேட்கவில்லை.

லோர்னா.

அட்டையில் உன் பெயரை அடித்துவிட்டேன். கோடு போட்டு, அதற்கு மேலே அவள் பெயரை எழுதியிருக்கிறேன். வளையம் இல்லாமல், வால் இல்லாமல், என் சொந்த எழுத்தில். இப்போது அது "லோர்னாவுக்கு — கிளேட்டன் ரவுஷ்" என்று இருக்கிறது. அவர் தன் மகளுக்குப் போட்ட கையெழுத்து இது ஒன்றுதான்.

இனி எனக்கு எழுதாதே.

வெர்னா டில்மன்